வளையாத வரிசை

கோச் சாருக்கு,

மே மாதம் முழுக்க உங்கள் கோடைக்காலக் கால்பந்து முகாமின் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற தகப்பன் எழுதுகிறேன். காலை ஆறு மணிக்குப் பையனை விட்டதும் மற்றவர்கள் டீக்கடைக்குப் போய்விடுவார்கள். நான் போகவில்லை. பத்து வயதுப் பிள்ளைகளுக்குக் கோல் அடிக்க எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமென்று எனக்கு ஒரு ஆசை. 26 நாளும் பார்த்தேன். பார்த்ததை உங்களிடமே சொல்லிப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. கண்ணால் கண்டதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

முதலில் அந்த வரிசை. ‘ஷூட்டிங்’ என்று சொல்லி நீங்கள் விசில் ஊதினால் போதும், 24 பிள்ளைகளும் நூல் பிடித்தாற்போல ஒருவன் பின் ஒருவனாக நிற்பார்கள். ரேஷன் கடையிலும் கோயில் வாசலிலும் நாற்பது வருடமாக நின்றிருக்கிறேன், இப்படி ஒரு வரிசையை நான் கண்டதில்லை. முதல் பையன் ஓடிவந்து அடிப்பான், ஓடிப்போய்க் கடைசியில் நின்றுகொள்வான். கோல்கீப்பர் பந்தை எடுத்து உருட்டிவிடுவான். நீங்கள் அதைப் புல்லில் வைத்துத் தலையசைப்பீர்கள். அடுத்தவன் வருவான். ஒருவனுக்கு அரை நிமிடம், 24 பேருக்கு 12 நிமிடம். ஷூட்டிங்குக்கு நீங்கள் ஒதுக்கிய 36 நிமிடத்தில் என் பையன் மூன்று முறை கோலைப் பார்த்து அடித்தான். மாதம் முழுக்கக் கூட்டினால் 78 முறை.

மீதி நேரத்தை அவன் வீணாக்கவில்லை. முன்னால் நிற்பவனின் முதுகில் இருக்கும் எண் எந்த இடத்தில் வெடித்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். மைதானத்து ஓரப் புங்க மரத்தில் இரண்டு அணில் குடியிருப்பதை வீட்டுக்கு வந்து சொன்னான். பொறுமை என்பது பிள்ளைகளுக்கு எளிதில் வராத குணம். அதை என் மகனுக்கு ஊட்டியவர் நீங்கள்.

அடுத்தது உங்கள் விளக்கம். ஊன்றும் கால் பந்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், அதன் விரல்கள் அடிக்கப்போகும் திசையைப் பார்க்க வேண்டும், அடிக்கும் காலின் கணுக்கால் தளரக் கூடாது, உடம்பு பந்தின் மேல் கவிந்திருக்க வேண்டும், பின்னால் சாய்ந்தால் பந்து மேலே பறந்துவிடும். கால் மணி நேரம் நின்று, ஒரு வார்த்தை பிசகாமல் சொல்வீர்கள். அத்தனையும் உண்மை. உலகத்தில் எந்தப் பயிற்சியாளரும் அதில் குறை காண முடியாது. பிள்ளைகள் அதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறார்கள். என் பையன் ராத்திரி தூக்கக் கலக்கத்தில்கூடச் சொல்வான், ஊன்றும் கால் எங்கே என்று. அந்தக் காலை ஊன்றிப் பார்க்க அவனுக்கு ஒரு நாளில் கிடைத்த தடவை மூன்று என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

மூன்றாவதாக, நீங்கள் பிள்ளைகள்மேல் காட்டிய இரக்கம். உங்கள் மைதானத்தில் பந்து அசையாது. பெனால்டி பாக்ஸின் விளிம்பில், கோலிலிருந்து 16.5 மீட்டர் தூரத்தில், நீங்கள் வைத்த இடத்தில் அப்படியே இருக்கும். துள்ளி வராது, முழங்கால் உயரத்துக்கு எழும்பி வராது, பின்னாலிருந்தும் வராது. அதை நோக்கி ஓடுகிற பையனைத் தோளால் இடிக்க ஒரு டிஃபெண்டர் கிடையாது. பாதையில் கால் நீட்ட ஆள் கிடையாது. எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளலாம். ஆட்டத்தில் ஒரு ஸ்டிரைக்கருக்கு வரும் தொல்லைகளை எண்ணிப் பார்த்தால் அவை நாலு: பந்து ஓடுகிறது, எதிராளி நெருங்குகிறான், கீப்பர் முன்னேறி வருகிறான், நேரம் இல்லை. இந்த நாலில் மூன்றை உங்கள் பயிற்சி ஒரேயடியாகத் துடைத்துவிட்டது. மிச்சம் இருப்பது கீப்பர் ஒருவன். அவனும் பாவம், கோட்டைவிட்டு நகரக் கூடாது என்பது உங்கள் உத்தரவு.

அந்தக் கீப்பரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரியவர்கள் ஆடும் கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். நீங்கள் பிள்ளைகளைச் சின்ன கோலில் ஆடவிட்டு அவமதிக்கவில்லை. முழு அளவுக் கோலையே கொடுத்தீர்கள். அதன் நடுவில் என் மார்புக்குக்கூட எட்டாத ஒரு பையன் இரண்டு கையையும் விரித்து நின்றான். அவன் தலைக்குமேல் ஏறக்குறைய இன்னொரு அவன் உயரத்துக்கு வெறும் காற்று. ஆகவே பிள்ளைகள் வெகு சீக்கிரம் ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டார்கள்: பந்தைத் தூக்கி அடித்தால் கோல். வலை குலுங்கியது, வேலிக்கு வெளியே நான் கைதட்டினேன், நீங்கள் ‘சூப்பர்’ என்றீர்கள். தரையோடு தரையாகத் தூர மூலைக்கு உள்பாதத்தால் தள்ளிவிட்ட ஒரு பையனிடம் ‘ஏன்டா தடவுற? ஓங்கி அடி’ என்றீர்கள். அந்தத் தாழ்ந்த பந்துக்குக் குனிந்து விழுவதுதான் எந்தக் கீப்பருக்கும் சிரமம். அவன் தட்டிவிட்டாலும் பந்து கோல் முன்னால்தான் விழும், இன்னொருவன் உள்ளே தள்ளலாம். ஆனால் அதில் சத்தம் இல்லை. ஆறு வருடம் கழித்து இதே பிள்ளைகள் ஆறடிக் கீப்பர் முன்னால் நிற்கும்போது அந்த வெறும் காற்று அங்கே இருக்காது. அதை அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்ற உங்கள் நம்பிக்கை பெரிய நம்பிக்கை.

உங்கள் குரலை இந்த ஊரே அறியும். ‘அடி!’, ‘விடு!’, ‘ரைட்ல போடு!’, ‘திரும்பு!’ என்று ஆட்டம் தொடங்கி முடியும்வரை மைதானத்தின் நாலு மூலைக்கும் கேட்கும். பதினொரு பிள்ளைகளும் யோசிக்க வேண்டியதை ஒரே ஆளாக யோசிக்கிறீர்கள். இந்தச் சுமையை யார் சுமப்பார்கள்?

மூன்றாவது வாரம் பக்கத்து முகாமோடு ஒரு நட்பு ஆட்டம் நடந்ததே, அது உங்களுக்கு நினைவிருக்கும். எனக்கு அதில் ஒரு கணம் மறக்கவில்லை. கார்னரிலிருந்து வந்த பந்து ஒருவன் முதுகில் பட்டு, நம் ஒன்பதாம் எண் பையன் காலடியில் விழுந்தது. கோல் அவனுக்கு ஐந்து மீட்டரில். கீப்பர் தரையில் கிடக்கிறான். உள்பாதத்தால் தொட்டால் போதும். அந்தப் பிள்ளை என்ன செய்தான் தெரியுமா? தலையைத் திருப்பி உங்களைப் பார்த்தான். கண் இமைக்கும் நேரம்தான். நீங்கள் ‘அடி’ என்று வாயெடுக்கும் முன் எதிரணிப் பையன் பந்தைத் தூக்கி வெளியே எறிந்தாற்போல உதைத்துவிட்டான். உங்கள் சொல்லுக்காக ஒரு கோலையே காத்திருக்க வைத்த அந்தப் பிள்ளையின் குருபக்தியைப் பார்த்து என் நெஞ்சு அடைத்துப்போயிற்று. அவன் கண்ணில் இருந்தது பயம் என்று என் மனைவி சொன்னாள்.

அவள் அப்படிச் சொல்லக் காரணம் இருக்கிறது. கோலுக்கு வெளியே அடிப்பவன் மைதானத்தை ஒரு சுற்று ஓட வேண்டும் என்பது உங்கள் விதி. ஆகவே உங்கள் பிள்ளைகளுக்கு நல்ல மூச்சு இருக்கிறது. முதல் வாரம் எல்லாரும் ஓடினார்கள், நாலாவது வாரம் ஒருவனும் ஓடவில்லை. குறி திருந்திவிட்டது என்று நீங்கள் மகிழ்ந்தீர்கள். நான் வேலியோரம் நின்றதால் வேறொன்றையும் பார்த்தேன். ஆட்டத்தில் கோல் எதிரே தெரியும்போது பிள்ளைகள் பந்தைப் பக்கத்தில் இருப்பவனுக்குத் தள்ளிவிட்டார்கள், அவன் இன்னொருவனுக்கு. அடிக்காத ஷாட் வெளியே போகாது அல்லவா? கீப்பரைத் தவிர எதிராளி எவனும் குறுக்கிடாமல், 11 மீட்டரில் வைத்து அடிக்கும் பெனால்டியில்கூட உலகத்தின் தேர்ந்த ஆட்டக்காரர்கள் நாலில் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். ஓடும் ஆட்டத்தில் அவர்கள் பத்து முறை அடித்தால் ஏறக்குறைய ஒன்றுதான் கோல். கோல் அடிக்கும் கலை என்பதே தவறவிட்டபின் மறுபடி அடிக்கத் துணிவதுதான். பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் விடமுடியாத அந்தத் தவறை ஒரே மாதத்தில் எங்கள் பிள்ளைகளை விடவைத்தீர்கள். ஆட்டத்தில் அடிப்பதையே விட்டுவிட்டார்கள்.

உங்கள் அலுவலக அலமாரியில் கோப்பைகள் பளபளக்கின்றன. 12 வயதுக்குட்பட்டோர் கோப்பை மட்டும் நாலு. எண்ணினேன். அவற்றை வாங்கித் தந்தவர்கள் யார் என்பதைப் படத்தில் பார்த்தேன்: ஒவ்வொரு படத்திலும் மற்றவர்களைவிடத் தலை உயர்ந்து, மீசை அரும்பிய ஒரு பையன் நடுவில் நிற்கிறான். வளர்ந்தவனை முன்னால் நிறுத்தி, பின்னாலிருந்து நீளமாகப் பந்தைப் போட்டு, அவனை ஓடவிட்டால் கோப்பை வரும். வந்தது. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வயதுக் கணக்கில் ஆடும்போது ஒரு வருட வளர்ச்சி என்பது பத்து வயதில் எத்தனை பெரிது என்பதை நீங்கள் நன்றாக அறிவீர்கள். அந்த அறிவின் பலன்தான் அலமாரி நிறைந்திருக்கிறது. குள்ளமான பையன்கள் தண்ணீர் பாட்டில் தூக்கினார்கள். மற்றவர்களும் வளர்ந்து உயரத்தில் எட்டிப் பிடித்தபின் அந்த நடுப்பையன்கள் எங்கே ஆடுகிறார்கள் என்று கேட்கலாம் என்று நினைத்தேன். கோப்பைகளின் பளபளப்பில் கேள்வி மறந்துபோயிற்று.

பந்து வைக்கும் அறையைச் சொல்லாவிட்டால் இந்தப் பாராட்டு நிறைவாகாது. ஒரு நாள் உங்கள் உதவியாளரோடு உள்ளே போனேன். தொண்டைமானின் படைக்கொட்டிலைப் பார்த்த ஔவைக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்று புரிந்தது. வலைப்பைகளில் இருபது புதுப் பந்துகள். பிள்ளைகளின் வயதுக்கேற்ற நாலாம் எண் பந்துகள். ஒன்றிலும் ஒரு கீறல் இல்லை, மண் இல்லை. காற்றடிக்கும் பம்ப்பின் ஊசிக்கு எண்ணெய் தடவி வைத்திருக்கிறீர்கள். கோன்கள் நிறம் பிரித்து அடுக்கியிருக்கின்றன. சின்ன கோல்கள் நாலு, பாலிதீன் உறை பிரிக்காமல். கதவுக்குப் பூட்டு. இவ்வளவு அக்கறையாகப் பொருளைக் காப்பவர் கையில் என் பிள்ளையை ஒப்படைத்திருக்கிறேன் என்று மனம் நிறைந்தது. வெளியே 24 பேர் ஒரு பந்துக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

உங்களை மட்டும் புகழ்ந்தால் ஓரவஞ்சனையாகிவிடும். நாடு முழுக்க உங்களைப் போன்றவர்கள் இருக்கிறார்கள். 2017-இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை நம் நாட்டிலேயே நடந்தது. நம் பிள்ளைகள் மூன்று ஆட்டம் ஆடினார்கள், உயிரைக் கொடுத்து ஓடினார்கள். அமெரிக்காவுக்கும் கொலம்பியாவுக்கும் எதிராகப் பந்து கம்பத்திலும் குறுக்குச் சட்டத்திலும் பட்டுத் திரும்பியது. கிடைத்த கோல் ஒன்று. அதுவும் கார்னரிலிருந்து வந்த பந்தை நடுக்கள ஆட்டக்காரர் ஜீக்சன் சிங் தலையால் முட்டியது. 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் நம் பெரியவர்கள் மூன்று ஆட்டம் ஆடினார்கள். கோல் ஒன்றுமில்லை. 2005-இல் இந்திய அணிக்கு ஆட வந்த சுனில் சேத்ரி 2024-இல் அந்த அணியிலிருந்து ஓய்வு பெற்றார். மறு வருடமே அவரைத் திரும்ப அழைத்தார்கள், வந்து கோலும் அடித்தார். 2024-25 இந்தியன் சூப்பர் லீக் பருவத்தில் 40 வயதில் 14 கோல் அடித்தார், இந்திய வீரர்களில் அவரைவிட அதிகம் அடித்தவர் இல்லை. ஒரு மனிதருக்கு இருபது வருடம் போட்டியே வராமல் பார்த்துக்கொண்ட பெருமை வேறு எந்த நாட்டுப் பயிற்சியாளர்களுக்கு உண்டு? அவர் இடத்தை எவரும் பறிக்கவில்லை. பறிக்கும் வயதில் இருந்தவர்கள் எல்லாரும் எங்கோ ஒரு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

வடசென்னைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு முட்டுச்சந்து இருக்கிறது. அங்கேயும் சாயந்திரம் பிள்ளைகள் கால்பந்து ஆடுகிறார்கள். உங்கள் மைதானத்தைப் பார்த்த கண்ணுக்கு அது பார்க்கச் சகிக்காது. வரிசை என்பதே கிடையாது. நாலு பேருக்கு நாலு பேர், ‘மூணு கோல் வாங்குன டீம் அவுட்டு’ என்று ஒரே கூச்சல். கோல் என்பது இரண்டு ஜோடிச் செருப்பு, நடுவில் ஒரு கஜம் இடைவெளி. அதில் ஓங்கி அடித்துப் பயனில்லை, தரையோடு பார்த்துத் தள்ள வேண்டும். பந்தோ தையல் பிரிந்து ஒரு பக்கம் பிதுங்கியிருக்கும். பாதி நாள் அது தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் கிடக்கும். சுவரில் பட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது, ஆகவே பந்து வருவதற்கு முன்பே ஒவ்வொரு பயலும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவைத்துக்கொள்கிறான். யாரும் ஊன்றும் காலைப் பற்றிப் பாடம் எடுப்பதில்லை. தப்பாக அடித்தால் கூட ஆடுகிறவன் திட்டுவான், அடுத்த நிமிடமே மறுபடி பந்து வரும். உங்கள் முகாமில் ஒரு மாதம் முழுக்க என் மகன் அடித்த 78 ஷாட்டை அங்கே ஒரு பயல் இரண்டு மாலையில் அடித்துத் தீர்த்துவிடுகிறான். இடது காலோ வலது காலோ முழங்காலோ, எது கிட்டே இருக்கிறதோ அது.

அந்தப் பயல்களைப் பார்க்கும்போது ஒரு கோல் நினைவுக்கு வருகிறது. சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் 2023 டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக ஆடினார். மோகன் பகானுக்கு எதிரான குழுச் சுற்று ஆட்டத்தின் ஒரே கோல் அவருடையது. வலது ஓரத்தில் பந்தை வாங்கி, எதிரே நின்றவரை ஏமாற்றி உள்ளே வெட்டி வந்து அடித்தார். கொல்கத்தாவில் அத்தனை ஆயிரம் பேர் கத்தும்போது, ஓடும் பந்தோடு, எதிரில் ஆள் நிற்க, எப்போது அடிப்பது என்று அவரே முடிவெடுத்தார். யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியாக, முகாமின் 25-ஆம் நாள். அதற்காகத்தான் முக்கியமாக இந்தக் கடிதம். அன்று உங்கள் வண்டி பஞ்சர். நீங்கள் வர அரை மணி நேரம் ஆனது. உதவியாளர் என்ன செய்வதென்று தெரியாமல் பந்து அறையைத் திறந்துவிட்டார். எட்டுப் பந்து வெளியே வந்தது. பிள்ளைகள் கொஞ்ச நேரம் விழித்தார்கள், யாரும் விசில் ஊதவில்லை. பிறகு அவர்களே நாலு அணியாகப் பிரிந்தார்கள். செருப்பையும் தண்ணீர் பாட்டிலையும் கோலாக வைத்தார்கள். ஒன்பதாம் எண் பையன் இரண்டு பேருக்கு நடுவில் விழுந்து எழுந்து, திரும்பி வந்த பந்தை இடது முழந்தாளால் இடித்து உள்ளே விட்டான். அழகே இல்லாத கோல். அவன் போட்ட கூச்சலில் புங்க மரத்து அணில் ஓடிவிட்டது. என் பையன் ஆறு முறை தவறவிட்டான், ஏழாவது முறை அடித்தான். பாக்ஸுக்குள் பிறக்கும் கோல்களில் பல அப்படித்தான் பிறக்கின்றன: நெரிசலில், ஒரு தொடுதலில், எவரும் சொல்லாமல். அந்த அரை மணி நேரத்தில் எங்கள் பிள்ளைகள் கோல் அடிக்கக் கற்றுக்கொண்டார்கள். அதை அவர்களுக்குக் கொடுத்தவர் நீங்கள்தான். அந்த நன்றியை என் ஆயுள் உள்ளவரை மறக்க மாட்டேன்.

பிறகு நீங்கள் வந்தீர்கள், விசில் ஊதினீர்கள். வரிசை நேரானது. பந்துகளில் செம்மண் அப்பியிருந்ததைப் பார்த்து, துடைத்து உள்ளே வைக்கச் சொன்னீர்கள். என் மகன்தான் துடைத்தான். எட்டையும் துடைத்தான். அறைக்குள் அவை மறுபடி புதிது போலவே இருக்கின்றன.